பீடிப் புகை விட்ட யூபோனியம்

பேண்ட் மாஸ்டர் தவசிமுத்து நான் டிரம்பெட் ஊதிய கூலிபாக்கியாக எனக்கு ஆறாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. சுமை தூக்கப் போன இடத்தில் மூட்டை சரிந்து என் முன்பல் போனபின் டிரம்பெட் உதட்டில் நிற்கவில்லை. ஊர்வலத்துக்குக் கூப்பிடுவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

"காசு இல்லப்பா. பழைய யூபோனியம் ரெண்டு கெடக்கு, ஒண்ண எடுத்துக்க. ஊதுற வாய் பெருசு, உதடு முழுக்க உக்காரும்."

மார்போடு அணைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியங்கள்; பளபளவென்று ஒன்று, நசுங்கிய அண்டா மாதிரி ஒன்று. ஒலி வெளிவரும் அகன்ற முனையைத் துண்டால் அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று பீடிப் புகையை உள்ளே ஊதிப் பார்த்தேன். பளபளத்ததில் ஒட்டுக்கு ஒட்டுப் புகை கசிந்தது.

"வாத்தியத்துக்கும் பீடி பழக்குறியா?" என்று மாஸ்டர் சிரித்தார்.

நசுங்கியது புகையைப் பத்திரமாக வைத்திருந்தது. துண்டை எடுத்துவிட்டு ஊதினேன். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதியபோது, அடிவயிற்றிலிருந்து ஒரு சுரம் எழுந்து, நடுங்கி, பிறகு நிலைத்து நின்றது. சுவரில் சாய்த்திருந்த டிரம் தானாக அதிர்ந்தது.

மாஸ்டர் சிரிப்பதை நிறுத்தினார். "இது நாலாயிரம்தான் பெறும். மிச்சத்தப் பொறவு தாறேன்."

"மிச்சம் வேண்டாம்ண்ணே. வெள்ளிக்கிழமை கல்யாணத்துல என்னையும் பேண்ட் வரிசையில நிறுத்துங்க."

அவர் ஆணியில் தொங்கிய பேண்ட் சீருடையின் சிவப்புக் கோட்டை எடுத்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார். எங்கள் கணக்கு அத்தோடு தீர்ந்தது.