கழுத்தில் கட்டிய வாகை நெற்று

ஆற்றுக்கு அக்கரை மலையைப் புலிராஜா பிடித்ததும், அங்கிருந்த மான்களை அடக்கியாளச் செந்நாயை அனுப்பினார். மான்களோ புதருக்குள் பதுங்கிக்கொண்டு போக்குக் காட்டின. செந்நாய் யோசித்தது. காய்ந்த வாகை நெற்றுகளைக் கொடியில் கோத்து ஒவ்வொரு மானின் கழுத்திலும் கட்டிவிட்டது. அப்புறம் என்ன? அசைந்தால் கலகலவென்று சத்தம். செந்நாய் படுத்தபடியே காதால் ஆளைக் கண்டுபிடித்து, நொண்டுவதாகப் பார்த்து ராஜாவின் விருந்துக்கு அனுப்பிவைத்தது.

"மானெல்லாம் அழுவுதாமே?" என்றார் பார்க்க வந்த ராஜா.

"பழகிடும் ராஜா. அதுங்க என்ன நம்ம காட்டு ஜனங்களா?"

ராஜா ஒரு நெற்றை ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். போகும்போது ஒரு கொத்தைக் கையோடு எடுத்துப்போனார்.

மழைக்காலம் முடிந்து செந்நாய் ஊர் திரும்பியது. குகையை நெருங்கும்போதே புதருக்குள் கலகலவென்று சத்தம்.

"அப்பா! நம்ம காட்டுல எல்லாருக்கும் ராஜா கட்டிவிட்டுட்டார். நீங்க கண்டுபிடிச்சதாமே!"

செந்நாய் நின்ற இடத்திலேயே காதை நிமிர்த்தியது. பிள்ளைகள் இன்னும் புதரை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் முன்னால் ஓடிவருவது மூத்தவன், பின்னால் நொண்டி நொண்டி வருவது சின்னவள் என்று அதன் காதுக்குத் தெரிந்துவிட்டது.