இரண்டு மூட்டை மட்டும்

செக்போஸ்ட் கம்பு இறங்கியதும் சென்னிமலை பிரேக்கை மிதித்தான்.

அவனுக்காக அந்தக் கம்பு இறங்கி நாலு மாதமாகியிருந்தது.

அதற்கு முன்னால் அவனுடைய பழைய அம்பாசிடரில் பாரம் தாங்கும் பின் வில்பட்டைகள் தேய்ந்து தொய்ந்து கிடந்தன. வளைவில் திரும்பினால் வண்டி ஒருபக்கமாகச் சாயும். டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி வைத்தாலே பின்பக்கம் உட்கார்ந்துவிடும். தமிழ்நாட்டு அரிசி பாலக்காட்டுக்குப் போகக்கூடாது என்று எல்லையில் காவல் போட்டிருந்த காலம். ஏட்டு டிக்கியைத் திறந்து பார்ப்பதே இல்லை. பின்பக்கத் தாழ்வைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

எல்லைக்கு அந்தப்பக்கம், பாலக்காட்டுச் சித்தூரில் மெக்கானிக் மஜீத்திடம் கொடுத்துப் புதுப்பட்டை போட்டான். பக்கத்துக்கு இரண்டு பட்டை அதிகமாகவே வைக்கச் சொன்னான். மஜீத் காரணம் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பாரம் இருந்தால் வண்டி தொட்டில் மாதிரி போகும், வெறும் வண்டியாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும் என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து நாலு மூட்டையோடும் வண்டி நிமிர்ந்தே போனது. ஏட்டும் கையாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்று பின்சீட்டில் அவன் மனைவி கமலாத்தாள், தன் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். எட்டாம் மாதத்திலேயே, இன்று காலையில் உதிரம் போகத் தொடங்கிவிட்டது. சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் பத்து மைல், வழியெல்லாம் குழி. உடம்பு குலுங்காமல் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினாள் மருத்துவச்சி.

மாமியார் வீட்டுத் தொழுவத்தில் மறுநாளைக்கான மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. சென்னிமலை ஓடி ஓடி அவற்றை டிக்கியில் ஏற்றினான். பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கும்போதும் இவனுக்கு அரிசி கேட்கிறதா என்று மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். அவன் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

கைப்பழக்கத்தில் நாலையும் ஏற்றிவிட்டான். பின்சீட்டில் இரண்டு பேர் இருக்கப்போவது, பாவி, அப்போது நினைவுக்கு வரவில்லை. வண்டி தாழ்ந்துபோயிற்று.

கம்பை இறக்கிய ஏட்டு டிக்கியைத் திறந்து பார்த்தார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார். கமலாத்தாளின் புடவையெல்லாம் ரத்தம். சென்னிமலையைப் பார்த்துக் காறித் துப்பினார்.

ஆனாலும் நல்ல மனுஷர்தான். நாலு மூட்டையையும் ஆளைவிட்டு இறக்கிப்போட்டார். கேசை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இவளைக் கொண்டுபோய்ச் சேர் என்று கம்பைத் தூக்கிவிட்டார்.

சென்னிமலை கிளம்பவில்லை. இறங்கி ஓடி அவர் காலில் விழுந்தான்.

"கேசு போட்டுக்குங்க, நாளைக்கு வண்டியவே எடுத்துக்குங்க. ரெண்டு மூட்டைய மட்டும் திரும்ப வெச்சுடுங்க சாமி. வெறும் வண்டி அவளத் தூக்கித் தூக்கிப் போடுமுங்க."

அந்தச் செக்போஸ்டில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

ஏட்டு ஓங்கி ஓர் அறை விட்டார். வண்டிக்குள்ளிருந்து மாமியார், இன்னும் நாலு போடுங்க என்றாள்.

பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

முதல் குழி இருபதடியிலேயே இருந்தது.