ஒன்பது வருஷ இடைவெளி

"குழந்தைகளை யார் பார்த்துப்பாங்கன்னா கேட்டாங்க?"

அவன் கையிலிருந்த காபியை அப்படியே மேஜையில் வைத்தான். மனைவி தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். காலையில் இன்டர்வியூவுக்குப் போனவள் மாலையில்தான் திரும்பியிருந்தாள். அவளுக்காக அவன் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து சாப்பிட வைத்திருந்தான். இப்படி ஒரு புருஷன் எவளுக்குக் கிடைப்பான் என்று மதியத்திலிருந்து அவனுக்கே தன்னைப் பற்றி ஒரு பெருமை.

"அது அவங்களுக்கு எதுக்கு? பிளான் போடத் தெரியுமான்னு கேட்டாங்களா?"

"கேட்கலை. போடவே சொல்லிட்டாங்க. ஒரு ஸ்கூலுக்கு. மனையோட அளவைக் கொடுத்து, நாலு மணி நேரத்துல முடிக்கச் சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் ஆர்க்கிடெக்சர் படித்தவர்கள். வகுப்பில் முதல் மார்க் அவள். அவன் எத்தனையாவது என்பதை யாரிடமும் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் சொந்தமாக ஆபீஸ் போட்டு, பதினாறு பேரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டான். அவள் பிள்ளைகளை வளர்த்தாள். இளையவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த இந்த வருஷம், வேலைக்குப் போயே தீருவேன் என்று கிளம்பினாள்.

"உன் ஆபீஸ் வேண்டாம். எவ்வளவு உழைச்சாலும் முதலாளி பெண்டாட்டின்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நானே தேடிக்கிறேன்" என்று அப்போதே சொல்லிவிட்டாள். இது நான்காவது இன்டர்வியூ. முந்தைய மூன்றிலும் ஒன்பது வருஷ இடைவெளியைப் பார்த்ததும் பைலை மூடிவிட்டார்கள். இதுவும் இல்லையென்றால் தேடுவதையே நிறுத்திவிடுவதாக நேற்றுதான் சொன்னாள்.

"யாரு கேள்வி கேட்டது?"

"ஒரு ஏஜென்சிக்காரர். பெரிய ஆர்க்கிடெக்ட் ஒருத்தருக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறாராம். வேலை உறுதியானாத்தான் அவர் பேரைச் சொல்வாராம்."

"சொன்னா நாறிடும்னு பயம். வேற என்ன கேட்டார்?"

"சைட்டுக்குப் போவீங்களான்னார். போவேன்னேன். சாரத்துல ஏறுவீங்களான்னார். ஏறுவேன்னேன். 'உங்க வீட்டுக்காரர் விடுவாரா'ன்னார்."

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதுல நான் எங்க வந்தேன்? என்கிட்ட கேட்கச் சொல்லு, நான் சொல்றேன். படிக்கிறப்போ சைட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, மூணாவது மாடியில தலை சுத்தி உட்கார்ந்தது நான். கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டு வந்தது நீ."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்புக்குப் பதிலாகக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியில என்ன சொன்னார் தெரியுமா? பிளான் அருமையா இருக்கும்மா, ஆனா எங்க முதலாளி குழந்தை இருக்கிற பொம்பளைங்களை எடுக்க வேண்டாம்னு கண்டிஷன் போட்டிருக்கார்னு சொன்னார். இன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்குப் பரீட்சைன்னு லீவு கேட்போமாம். அப்புறம் எதுக்கு என்னை நாலு மணி நேரம் வரைய வச்சீங்கன்னு கேட்டேன். அது எல்லாருக்கும் வைக்கிற டெஸ்ட்தாம்மான்னார்."

"வரைஞ்சதைத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

"இல்லை. வாங்கி வச்சுக்கிட்டாங்க. கழிவறையைக்கூடச் சின்னப் பிள்ளைங்க உயரத்துக்குத் தனியா யோசிச்சுப் போட்டிருந்தேன். இது திருட்டு இல்லையா?"

"பகல் கொள்ளை" என்று அவன் எழுந்தே விட்டான். போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் கையை ஆட்டி அவர்களை உள்ளே போகச் சொன்னாள்.

"அந்த ஏஜென்சிக்காரன் நம்பர் இருக்கா?"

"விடு. போகட்டும்."

"நீ விடலாம், நான் விட மாட்டேன். மார்க்கைப் பார்க்கலை, கைவேலையைப் பார்த்துட்டும் மதிக்கலை. பிள்ளை பெத்தது ஒரு குத்தமா? இப்படிக் கேட்கச் சொன்ன அந்த முதலாளி எவன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீயும் கேளு."

தனக்காக அவன் இப்படிக் கொதித்து அவள் இதுவரை பார்த்ததில்லை. அழுத கண்ணோடு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவன் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் போனை உடைத்துவிடுவதுபோல அழுத்தி அழுத்திப் போட்டான். ஏழாவது எண்ணில் விரல் நின்றுவிட்டது.

"இன்னும் மூணு இருக்கு. சொல்லட்டுமா?"

"வேண்டாம். நாளைக்குப் பேசிக்கலாம். இந்நேரம் அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்."

"இப்பத்தானே விட மாட்டேன்னே? குடு இங்கே." அவள் எட்டிப் பார்த்தாள். மீதி மூன்று எண்களையும் போனே நிரப்பி வைத்திருந்தது. "அதான் முழுசா வந்திருச்சே" என்றவள், அவன் தடுப்பதற்குள் தானே அழைத்து, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீங்க போட்ட கண்டிஷன்படி இன்னைக்கு வந்த அம்மாவையும் பேசி அனுப்பிட்டேன். ஆனா அவங்க போட்ட ஸ்கூல் பிளான் பிரமாதம் சார், போன தடவை மாதிரியே பேரை மட்டும் அழிச்சிட்டு உங்க ஆபீஸுக்கு அனுப்பி வச்சிடறேன்."