வஹீதாவின் சிவப்பு நகங்கள்

"ஐம்பது வயசாவப் போவுது, நகத்தைப் பாரு நகத்தை! சினிமாக்காரி தோத்தா போ!" ஜுபேதா முகத்தைச் சுளித்தாள்.

கட்டிலில் படுத்திருந்த வஹீதாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகத்திலிருந்த சிவப்பு ஜெல் பாலிஷின் பளபளப்பைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள் மேகலா. ஆம்பூர் பஜாரில் பார்லர் வைத்திருப்பவள். வஹீதாவின் மகள் இரம் போன் செய்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

ஜுபேதா, வஹீதாவின் நாத்தனார். ஒரு வேளை சாப்பாட்டை விட்டாலும் விடுவாள், அடுத்தவர் மேல் குறை சொல்வதை மட்டும் விடமாட்டாள். அதிலும் தம்பி பெண்டாட்டி என்றால் அவளுக்கு விருந்து. வஹீதா ஒன்றும் பேசவில்லை. நாத்தனார் என்ன சொன்னாலும் அவள் திருப்பிப் பேசியதே கிடையாது.

"திட்டாதீங்க பூபி," என்று அத்தையைத் தடுத்தாள் இரம். "வாணியம்பாடி கல்யாணத்துக்கு நான்தான் ஆசைப்பட்டுப் போட வெச்சேன். அம்மி வேணாம்னுதான் சொன்னாங்க. நேத்தே கழட்டிடணும்னு இருந்தாங்க."

"நீ சின்னப் பொண்ணு, சொல்லுவே. இவளுக்குப் புத்தி எங்கே போச்சு?" ஜுபேதா மேகலாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இதெல்லாம் கிடையாது. எங்களுக்கு நகத்து மேல துளி பாலிஷ் இருந்தாலும் குளிச்சது குளிச்சதா சேராது. நகத்துல தண்ணி படணும். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால சுத்தமா போயாவணும், தெரியுதா?"

"போய்டும்மா."

மேகலா விரல்களைச் சுற்றி வாஸலின் தடவினாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு நகத்தின் மேலும் வைத்து, வெள்ளித்தாளால் சுற்றினாள். அறை முழுக்க நெடி ஏறியது. ஜுபேதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

கதவருகில் வஹீதாவின் கணவர் சத்தார் எட்டிப் பார்த்தார். "இன்னும் ஆவலையா? ஆளுங்கல்லாம் வாசல்ல காத்துக்கினு இருக்காங்க."

"உன் பொண்டாட்டி அலங்காரத்தைக் கலைச்சிக்கினு இருக்கோம்டா. சீமாட்டி போட்டுக்கினது லேசுல போவுதா?"

சத்தார் வெள்ளித்தாள் சுற்றிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்காவுக்குப் பதில் சொல்லும் தைரியம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. திரும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

மேகலா ஒரு தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் ஊறலையே. கை சில்லுன்னு இருக்கு. கொஞ்சம் சூடு இருந்தா இந்நேரம் தானா உரிஞ்சி வந்திருக்கும்."

"ஏசியை இவ்ளோ ஜாஸ்தி வெச்சா எப்படி ஊறும்?" என்றாள் ஜுபேதா.

இரம் ஏசியைத் தொடவில்லை. அம்மாவின் இன்னொரு கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு இம்மாம் பேஜாரா?" ஜுபேதாவுக்கு ஒரு யோசனை உதித்தது. "சத்தாரோட ஷூ கம்பெனியில பினிஷிங் செக்‌ஷன்ல தின்னர் கேன் கேனா கிடக்குது. யாரையாச்சும் அனுப்பி எடுத்தாரச் சொல்லு. ஒரு துடைப்பு, முடிஞ்சது வேலை."

"அய்யோ, அது ஷூ தோலுக்குப் போடறதும்மா. கை வெந்துடும்."

"இவ தோலு இன்னா, ஷூ தோலை விட ஒசத்தியா?"

மேகலா பஞ்சை மறுபடி நனைத்து வைத்தாள். சிறிது நேரம் கழித்து மரக்குச்சியால் மெல்லத் தள்ளியதும் ஜெல் செதில் செதிலாக வரத் தொடங்கியது. இரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"மெதுவாக்கா. வலிக்காம எடுங்க."

"சுரண்டவே மாட்டேன் இரம். சுரண்டினா நகம் மெலிஞ்சிடும், அடுத்த தடவை ஜெல் நிக்காது. ஒரு வாரம் எண்ணெய் தடவி சும்மா விட்டுட்டு, அப்புறமா..." பார்லரில் எல்லோரிடமும் சொல்வது வாய் தவறி வந்துவிட்டது. மேகலா பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த தடவையா? நல்லா இருக்குடி உன் வியாபாரம்!" என்றாள் ஜுபேதா.

ஒவ்வொரு நகமாகச் சுத்தமாயிற்று. வலது கட்டைவிரல் மட்டும் பிடிவாதம் பிடித்தது. மேகலா இன்னொரு தடவை பஞ்சு வைக்கலாம் என்றாள். வாசலில் பேச்சுச் சத்தம் கூடியது.

ஜுபேதாவின் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே போனவள், ஷூ கம்பெனியில் தோலை இழுத்துப் பிடிக்கும் குறட்டோடு திரும்பி வந்தாள். மேகலாவை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, கட்டைவிரல் ஜெல்லின் ஓரத்தைக் குறட்டால் கவ்விப் பிடித்தாள்.

இரம் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் பூபி, விட்டுடுங்க! நகமே பிஞ்சி வந்துடும். அம்மிக்கு வலிக்கும்!"

ஜுபேதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செத்துப்போனவளுக்கு இன்னாடி வலி?"