பதினொன்று ஐம்பத்திரண்டு வரை

தசைன் பண்டிகைக்கு நெற்றியில் டீகா வைக்க நல்ல நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு என்று ரேடியோ சொன்னபோது மணி பத்தரை.

இன்னும் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் நான் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் லோகேந்திராவோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் பேசினான். முந்தின நாள் வேலை முடிந்து வந்து படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வயது.

எங்கள் வழக்கத்தில் ஒன்று உண்டு. கண்காணாத தூரத்தில் நடந்த சாவுக்கு, அது நடந்த நேரத்திலிருந்து தீட்டு இல்லை. செய்தி காதில் விழுந்த நொடியிலிருந்துதான் தீட்டு.

விழுந்துவிட்டால் சோற்றில் உப்பு நின்றுவிடும். பதின்மூன்று நாள் காரியம். ஒரு வருடத்துக்கு வீட்டில் தசைன் இல்லை, யார் நெற்றியிலும் டீகா இல்லை. வருடம் திரும்பியதும் மற்றவர்களுக்குச் சிவப்பு திரும்பி வரும். மனைவிக்கு மட்டும் வராது.

ஆகவே நான் சொல்லாதவரை ரமிலா அண்ணி சுமங்கலி.

கேட்டவன் நான் ஒருவன்தான். தீட்டு என்னோடு நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். டீகா முடியட்டும், அண்ணி கடைசியாக ஒருமுறை சிவப்பு வைத்துக்கொள்ளட்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அரிசியைப் பிசைந்தேன். டீகாவுக்கு ஊறவைத்த அரிசி, தயிர், சிவப்புப் பொடி. தயிர் கூடினால் மூக்கில் வழியும். குறைந்தால் சாப்பிடக் குனியும்போது தட்டில் உதிரும். பிடித்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும். அதுதான் பதம்.

"என்ன கொழுந்தனாரே, தயிர் கலக்கச் சொன்னா தவம் பண்றீங்க?"

அண்ணி வாசலில் நின்றாள். கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். தசைனுக்கு வாங்கிய புதுப் புடவை உறை பிரிக்காமல் கட்டிலில் கிடந்தது.

"புதுசு என்னாச்சு அண்ணி?"

"இதைக் கட்டி ரொம்ப நாளாச்சு."

பூஜை அறைக்குள் போய் முளைகளைப் பறித்து வந்தாள். ஒன்பது நாளுக்கு முன் ஆற்றுமணலில் வாற்கோதுமை விதைத்து, சன்னலை அடைத்து, காலையில் மட்டும் தண்ணீர் தெளித்து வளர்த்தது. வெயில் பட்டால் பச்சையாகிவிடும். இருட்டிலேயே இருந்தால்தான் இந்த வெளிர் மஞ்சள் வரும். இந்த வருடம் ஒரு சாண் வளர்ந்திருந்தது. நல்ல சகுனம் என்று நேற்று அண்ணன் போனில் பார்த்துச் சொன்னான்.

அந்தப் போனை அப்பா வழக்கம்போலப் பிடுங்கிக்கொண்டார். அவருக்கு எந்த அழைப்பிலும் ஒரே கேள்விதான். "எப்படா வர்ற?" அடுத்த தசைனுக்கு என்பான் அண்ணன். அப்பா விடமாட்டார். "எந்தத் தேதி? எந்த பஸ்ஸு?" நான்கு தசைனாக இதே பேச்சு. அண்ணன் சிரிப்பான், நாங்களும் சிரிப்போம்.

இன்று விடிந்ததும் மாட்டுக்குப் புல் போடப் போன அப்பா, வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். குளித்து, தொப்பி வைத்து, கிழக்குச் சுவரோரம் பாயில் உட்கார்ந்தார்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.

முதலில் எனக்கு. குளிர்ந்த அரிசி நெற்றியில் ஒட்டியது. வலது காதுக்குமேல் மஞ்சள் முளையைச் செருகினார். தீட்டுக்காரனாக அதை வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து அண்ணி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

"கொஞ்சம் பெருசா வைங்க மாமா."

அப்பா வைத்தார். மறுபடி கிண்ணத்தில் கைவிட்டு அள்ளி வைத்தார். இன்னொரு முறையும் வைத்தார். புருவத்திலிருந்து வகிடுவரை சிவப்பு நிறைந்தது.

அடுத்து அண்ணனின் மகள், ஆறு வயது அஸ்மிதா. டீகா வாங்கியதும் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு வருடமும் அண்ணனுக்கென்று கொஞ்சம் டீகாவும் நான்கு முளையும் பொட்டலம் கட்டி, மலேசியா போகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். காகிதம் கொண்டுவருவது அவள் வேலை.

"தாத்தா, அப்பாவுக்கு?"

அப்பாவின் கை கிண்ணத்துக்குமேல் அப்படியே நின்றது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணி காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த வருஷம் யார்கிட்டயும் குடுத்துவிட வேணாம்டி. அப்பாவே வர்றாரு."

குழந்தை ஒரு கணம் நின்றது. பிறகு தசைனுக்கு ஊஞ்சல் கட்டியிருந்த மேட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடியது.

"எங்கப்பா வர்றாரு! எங்கப்பா வர்றாரு!"

அண்ணி விரல்நுனியால் நெற்றியைத் தொட்டு, டீகா உதிராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சிவப்பு அரிசியை அவர் ஒரு விரலால் மெல்ல வழித்துக்கொண்டிருந்தார்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை.