பச்சை மார்க்

வீட்டில் குப்பையே சேராத ஒருத்திக்கு லிஃப்ட் திறக்காது என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெசிந்தாவுக்குத் திறக்கவில்லை.

அந்தக் குடியிருப்பில், சுற்றுச்சூழலைக் கெடுக்காதவை என்று பச்சை இலை அச்சிட்ட பாக்கெட்டுகளை வாங்க வாங்கத்தான் பச்சை மார்க் ஏறும். மார்க் இருந்தால்தான் லிஃப்ட் ஏற்றிக்கொள்ளும். அடுத்தவர் மார்க்கில் தொற்றிக்கொள்ளவும் முடியாது. ஜெசிந்தாவோ மாவுக்குத் தூக்குவாளியும் மீனுக்கு ஓலைப்பெட்டியும் கொண்டுபோகிறவள். அதிலெல்லாம் ஏது இலை? இத்தனை காலமும் குடும்பத்தோடு படியேறிச் சமாளித்துவிட்டாள். இப்போது கணவன் லாரன்ஸ் கால் முறிந்து எட்டாவது மாடியில் கிடக்கிறான். விடிந்தால் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சங்கச் செயலாளர் பால்துரை வீடு தேடி வந்து வழி சொன்னார்.

"யம்மா, இலை போட்ட தண்ணி பாட்டில் ஒரு பெட்டி வாங்கு. குடிக்கக்கூட வேண்டாம், அப்படியே குப்பையில போடு. மார்க் ஏறிரும்."

"குப்பை போட்டாத்தான் நான் சுத்தக்காரியா அண்ணாச்சி? மண்ணுல மக்கிரும்னு ஒரு பை குடுத்தீங்களே, அது என் கறிவேப்பிலைத் தொட்டியில இன்னும் புதுசாக் கெடக்கு. மேல அச்சடிச்சிருந்த பச்சை இலைதான் அழிஞ்சுபோச்சு."

"ஏளா, எனக்காக ஒரே ஒரு தடவ வாங்கேன்," என்று கட்டிலிலிருந்து லாரன்ஸ் கெஞ்சினான்.

"உங்களுக்காகத் தூக்குவேன். இந்தப் புளுகுக்காக வாங்க மாட்டேன்."

மறுநாள் காலை ஜெசிந்தாவும் அவள் தம்பி கிங்ஸ்லியும் லாரன்ஸை நாற்காலியில் உட்காரவைத்து எட்டு மாடியும் தூக்கி இறக்கினார்கள். பால்துரை இரண்டு குப்பைப் பைகளோடு லிஃப்டில் இறங்கினார்.