சூறையின் இரண்டாவது பொருள்

அரிசி ஏற்றிய கப்பல் ஒன்று நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. அதில் நெட்டை, செம்பி என்று இரண்டு எலிகள் இருந்தன. அக்காவும் தங்கையும். ஒருநாள் காலையில், பாய்மரத்தின் உச்சியில் இருந்த கிளி, "சூறை வருது, சூறை வருது" என்று அலறிவிட்டுப் பறந்துபோனது.

அந்தச் சொல் இரண்டுக்கும் தெரியாது. மாலுமியின் அறைக்கு ஓடி, அகராதியைத் திறந்தன. 'சு' முடிந்து 'சூ' வந்தது. சூறாவளிக்குக் கீழே, பக்கத்தின் கடைசி வரியில் சூறை இருந்தது. "1. சுழல்காற்று."

"காத்துதானா? மூட்டைக்குள்ள புகுந்துக்கலாம்" என்று நெட்டை ஓடிவிட்டது.

செம்பி பக்கத்தைப் புரட்டியது. "2. கொள்ளை" என்றிருந்தது. சன்னலுக்கு வெளியே கடல் அசையாமல் கிடந்தது. கறுப்புக் கொடி கட்டிய கப்பல் ஒன்று துடுப்புப் போட்டபடி நெருங்கிவிட்டது.

செம்பி மூட்டையிடம் ஓடியது. "அக்கா, வெளிய வா. இந்த மூட்டையத் தூக்கத்தான் வர்றாங்க."

"நானும்தான் படிச்சேன். காத்து நின்னதும் வரேன்."

மேல்தளத்தில் காலடிகள் தடதடத்தன. செம்பி பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டது. முரட்டுக் கைகள் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போயின. ஒரு மூட்டை அதைக் கடந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"எப்படி ஆட்டுது பாரு. வெளிய காத்து பலமா, செம்பி?"